ஜெட் செட் வில்லி: நான்கு எண்களும் ஒரு விஷவாயுக் கதையும்

போன மாதம் இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கேமை நோண்டிக்கொண்டிருந்தேன். விளையாடினேன் என்று சொல்ல முடியாது, அந்த அளவுக்கு எனக்குக் கைவேகம் கிடையாது. நான் நோண்டியது அதிலிருக்கும் பிழைகளை. 1984ல் கேசட்டில் வந்த ‘ஜெட் செட் வில்லி’, வாங்கியவர்கள் யாராலும் நேர்வழியில் முடிக்கவே முடியாத விளையாட்டு. கஷ்டமானது என்பதால் இல்லை. உள்ளே நான்கு இடங்களில் நான்கு எண்கள் தப்பாக இருந்தன. பிற்பாடு அந்தக் கம்பெனியே வெளியிட்ட திருத்தமும் நான்கே எண்கள்தான். 59901ல் 82, 56876ல் 4, 42183ல் 11, 60231ல் 0.

இந்த எண்களைப் பல இடங்களில் மந்திரம் மாதிரி எழுதி வைத்திருப்பார்கள். இதைப் போடு, சரியாகிவிடும், அவ்வளவுதான். ஏன் 59901? ஏன் 82? மந்திரத்துக்கு அர்த்தம் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பில்தான் நான் உள்ளே போனேன். போன இடத்தில் இன்னொரு விஷயமும் மாட்டியது, அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் கேமைப் பற்றிக் கொஞ்சம். எழுதியவர் மாத்யூ ஸ்மித், இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கத்துக்காரர். 1983ல் ‘மேனிக் மைனர்’ என்று ஒரு தாண்டிக்குதிக்கும் விளையாட்டை எழுதியபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. வில்லி என்ற சுரங்கத் தொழிலாளி, இருபது குகைகள், ஒன்றை முடித்தால் அடுத்தது. ஓகோவென்று ஓடியது. அடுத்த வருஷம் சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ஸ் என்ற லிவர்பூல் கம்பெனியிலிருந்து அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் ஜெட் செட் வில்லி. சுரங்கத்தில் கிடைத்த பணத்தில் வில்லி ஒரு மாளிகையை வாங்கிவிட்டான். பெரிய பார்ட்டி வைத்தான். விடிந்து பார்த்தால் வீடு முழுக்கக் குப்பை. படுக்கப் போனால், படுக்கையறையில் வேலைக்காரி மரியா வழிமறித்து நிற்கிறாள். எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்தால்தான் கட்டில் பக்கமே விடுவாள். மொத்தம் 83 பொருட்கள், மாளிகை எங்கும் சிதறிக் கிடக்கின்றன. 82 எடுத்துக்கொண்டு வந்தாலும் மரியா நகரமாட்டாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் முக்கியம்.

கேம் ஓடிய இயந்திரம் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம். 1982ல் வந்த, ரப்பர் பொத்தான் வைத்த சின்ன வீட்டுக் கம்ப்யூட்டர். டிவியில் மாட்டி, சாதாரண டேப் ரெக்கார்டரிலிருந்து கேமை ஏற்ற வேண்டும். கீச்கீச்சென்று சில நிமிஷம் கத்தி ஏறும். அதன் நினைவகத்தை, லாட்ஜ் ரிசப்ஷனில் சாவி மாட்டி வைத்திருக்கும் பலகை போல யோசித்துக்கொள்ளலாம். 0 முதல் 65535 வரை எண் போட்ட கொக்கிகள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255க்குள் ஒரே ஒரு எண்ணை மாட்டலாம். முதல் 16384 கொக்கிகள் கம்பெனி நிரந்தரமாக எழுதிக் கொடுத்தது, மாற்ற முடியாது. அதற்கடுத்த கொக்கிகளில் திரையில் தெரியும் படம். மீதி முழுக்க விளையாட்டை எழுதுபவரின் ராஜ்ஜியம். பேசிக் மொழியில் ‘போக்’ என்றால் இந்த எண் கொக்கியில் இந்த எண்ணை மாட்டு என்று அர்த்தம். போக் 59901,82 என்பது அவ்வளவுதான்.

இந்தப் பலகைக்குக் காவல்காரன் கிடையாது. இன்றைய கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் தனக்கு உரிமையில்லாத இடத்தில் கையை வைத்தால் இயங்குதளம் அதைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். ஸ்பெக்ட்ரமில் யாரும் கேட்கமாட்டார்கள். படம் வரைய வேண்டியவன் பக்கத்து அறை சாவியை எடுத்துவிட்டுத் தன் சாவியை மாட்டினாலும் சத்தமே வராது. அந்த அறைக்கு ஆள் வரும்போதுதான் விவகாரம் தெரியும்.

அப்படி ஒரு விவகாரம்தான் பரண் அறை, ஆங்கிலத்தில் ‘அட்டிக்’. இந்த அறைக்குள் ஒரு தடவை போய்விட்டு வந்தால் மாளிகையின் வேறு சில அறைகள் கெட்டுப்போகும். ‘சேப்பல்’ என்ற வழிபாட்டு அறையில் அலைந்துகொண்டிருந்த பூதங்கள் எல்லாம் மாயமாகிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னும் சில அறைகளுக்குள் கால் வைத்த நொடியே வில்லி செத்துப்போவான். தொட்டதால் இல்லை, விழுந்ததால் இல்லை, சும்மா சாவான். அந்த ஆட்டத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாலும் அதே கதி. கேசட்டை மறுபடி முதலிலிருந்து ஏற்றினால்தான் மாளிகை பழையபடி ஆகும்.

நான் இதை எமுலேட்டரில் செய்து பார்த்தேன். நேர்வழியில் அட்டிக் வரை ஏற எனக்கு ஆயுசு போதாது என்பதால் ஒரு குறுக்குவழி. ஃபர்ஸ்ட் லேண்டிங் என்ற அறையில் நின்றுகொண்டு ‘ரைட்டைப்பர்’ என்ற சொல்லை டைப் செய்தால் (அதாவது டைப்ரைட்டர் என்பதைத் திருப்பிப் போட்டு), எந்த அறைக்கு வேண்டுமானாலும் தாவும் வசதி திறந்துகொள்ளும். எழுதியவர் தனக்காக வைத்துக்கொண்ட கதவு. சேப்பலுக்குத் தாவினேன், பூதங்கள் இருந்தன. அட்டிக்குக்குத் தாவினேன், சில நொடி நின்றேன். திரும்ப சேப்பல். காலி. பிழை என்று தெரிந்துதான் போனேன், இருந்தாலும் முதுகில் லேசாகச் சில்லிட்டது. திட்டமிட்டு எழுதியிருந்தாலும் இவ்வளவு அமானுஷ்யமாக வந்திருக்காது.

சரி, அட்டிக்கில் என்ன நடக்கிறது? இங்கேதான் மந்திர எண் உதவிக்கு வருகிறது. மாளிகையின் அறைகள் நினைவகத்தில் 49152ல் தொடங்கி வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் அறைக்கும் சரியாக 256 கொக்கிகள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆக எந்த முகவரியைக் கொடுத்தாலும் அது எந்த அறை என்று கணக்குப் போட்டுவிடலாம். 59901லிருந்து 49152ஐக் கழித்தால் 10749. அதை 256ஆல் வகுத்தால் ஈவு 41, மீதி 253. பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் 41ஆவது அறை எது என்கிறீர்கள்? அட்டிக்தான்.

மீதி 253 என்பது அந்த அறையின் 256 கொக்கிகளில் கிட்டத்தட்டக் கடைசி. ஓர் அறையின் முதல் 128 கொக்கிகளில் அதன் வரைபடம். அடுத்த 32ல் திரையின் கீழே தெரியும் அறையின் பெயர். அப்புறம் கட்டங்களின் உருவம், நிறம், எந்தப் பக்கம் போனால் எந்த அறை என்ற விவரங்கள். கடைசி 16ல் அந்த அறையில் நடமாடும் ஜந்துக்களின் பட்டியல், ஒன்றுக்கு இரண்டு எண் வீதம் எட்டு ஜோடி. முதல் எண் எந்த ஜந்து என்று சொல்லும். இரண்டாவது அது எங்கே இருக்கிறது என்று சொல்லும். 253 என்பது ஏழாவது ஜோடியின் இரண்டாவது எண். அந்த ஏழாவது ஜந்து ஓர் அம்பு.

இந்த விளையாட்டில் அம்புகள் திரையில் இடம்வலமாகப் பறந்துகொண்டே இருக்கும், பட்டால் சாவு. அம்பு எப்போதும் ஒரே உயரத்தில் பறப்பதால் அதற்குத் தேவையான ‘எங்கே’ என்பது உயரம் மட்டும்தான். அட்டிக் அம்புக்கு எழுதப்பட்ட உயரம் படத்துக்குள் அடங்காத ஓர் எண். வரையும் பகுதி அதைச் சரிபார்ப்பதில்லை. சொன்ன உயரத்துக்கு நினைவகத்தில் எந்த இடம் என்று அட்டவணையில் பார்க்கிறது, அங்கே அம்பை வரைகிறது. தப்பான உயரம் என்பதால் தப்பான இடம். திரைக்கான பகுதியைத் தாண்டி, விளையாட்டின் சொந்தத் தகவல்கள் இருக்கும் பகுதியில் போய் அம்பு விழுகிறது. திரையில் பறந்திருக்க வேண்டிய அம்பு சேப்பலின் பட்டியல் மேலும் மற்ற அறைகளின் விவரங்கள் மேலும் பறந்துகொண்டிருக்கிறது. அம்புக்கென்று எழுதும் புள்ளிகள் வேறோர் அறையின் எண்களை அழிக்கின்றன. சேப்பலின் பூதங்களைக் கொன்றது அதுதான். அந்த அம்பை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. 82 என்று மாற்றினால் அது ஒழுங்காகத் திரைக்குள் வந்து பறக்கிறது.

மற்ற மூன்றும் இவ்வளவு நாடகம் இல்லாதவை. ஆனால் இதே கணக்கு அவற்றுக்கும் வேலை செய்வதைப் பார்த்தபோது எனக்குச் சின்னப் பையன் சந்தோஷம். 60231ஐ எடுங்கள். கழித்து வகுத்தால் 43ஆவது அறை, மீதி 71. அறையின் பெயர் ‘கன்சர்வேட்டரி ரூஃப்’. மீதி 128க்குக் கீழே இருப்பதால் இது வரைபடப் பகுதி. திரையில் ஒரு வரிசைக்கு 32 கட்டம், 16 வரிசை, ஆக 512 கட்டங்கள். இவை 128 கொக்கிகளில் அடங்க வேண்டுமென்றால் ஒரு கொக்கியில் நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பிட், அதாவது நான்கே சாத்தியம். காலி, தரை, சுவர், தொட்டால் சாவு. 71ஆவது கொக்கி மேலிருந்து ஒன்பதாவது வரிசையின் வலது ஓரக் கடைசி நான்கு கட்டங்களைக் காட்டுகிறது. அங்கே சாவுக் கட்டம் ஒன்று, எடுக்க வேண்டிய பொருளுக்கு வழிவிடாமல் உட்கார்ந்திருந்தது. பூஜ்யம் போட்டால் நான்கும் காலி. தடை போயிற்று.

56876 என்பது 30ஆவது அறை, மீதி 44. அறையின் பெயர் ‘பேனியன் ட்ரீ’. நம்ம ஆலமரமேதான். (ஆங்கிலத்தில் பேனியன் என்ற பெயரே இந்தியாவிலிருந்து போனது. மரத்தடியில் பனியா வியாபாரிகள் கடைவிரித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த ஐரோப்பியர்கள் வியாபாரியின் பெயரை மரத்துக்கு வைத்துவிட்டார்கள். லிவர்பூல் மாளிகையில் ஆலமரம் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், அந்த வீட்டில் அதைவிட விசித்திரங்கள் உண்டு.) ஆறாவது வரிசையில், நடுவுக்குச் சற்று வலப்பக்கம் ஒரு தடுப்பு மரத்தில் வழியை மறித்தது. அங்கே 4 என்று போட்டால், அதை இரண்டிரண்டு பிட்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: காலி, காலி, தரை, காலி. வில்லி ஏறிப்போக வழி கிடைக்கிறது.

கடைசியாக 42183. இது 49152க்குக் கீழே இருப்பதால் அறைகளின் பகுதியே இல்லை. 41984ல் பொருட்களின் பட்டியல் ஆரம்பிக்கிறது, 256 இடங்கள் கொண்டது. அதில் கடைசி 83 இடங்கள்தான், அதாவது 173 முதல் 255 வரை, பயன்பாட்டில் உள்ளன. 42183 என்பது 199ஆவது பொருள், அதன் எண் அது எந்த அறையில் இருக்கிறது என்று சொல்கிறது. இந்தப் பொருள் ஃபர்ஸ்ட் லேண்டிங்கில் கண்ணுக்குத் தெரியாமலும், கைக்கு எட்டாமலும் இருந்தது. 11 என்று மாற்றினால் 11ஆவது அறையான ‘ஹால்’ அதற்கு வீடாகிறது. போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம்.

மரியா ஞாபகம் இருக்கிறாளா? 83ல் ஒன்று குறைந்தாலும் விடமாட்டாள். ஃபர்ஸ்ட் லேண்டிங் பொருள் ஒன்றே போதும், ஆட்டம் யாருக்கும் முடியாது. மீதி மூன்றும் கொசுறு.

இனி அந்த இன்னொரு விஷயம்.

அட்டிக் விவகாரம் வெளியே தெரிந்து கேள்விகள் வந்தபோது சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ஸ் முதலில் பிழை என்று ஒத்துக்கொள்ளவில்லை. அது வேண்டுமென்றே வைத்ததுதான், விளையாட்டைக் கடினமாக்க அந்த அறைகளில் விஷவாயு நிரம்பியிருக்கிறது என்றது. பின்னால் அந்தக் கதையை விட்டுவிட்டுத் திருத்த எண்களை வெளியிட்டது.

இதைப் பலர் தமாஷாக எழுதியிருக்கிறார்கள். தமாஷ்தான். ஆனால் எனக்குச் சிரிப்பு வராததற்கு ஒரு காரணம் உண்டு. பல வருஷம் முன்பு ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராக இருந்தேன். கணக்கு எழுதும் ஒரு புரோகிராமில், மாதக் கடைசித் தேதியில் பதிந்த சில வரவுகள் மொத்தத்தில் சேராமல் போயின. எழுதிக் கொடுத்தேன். வாடிக்கையாளர் கேட்டபோது எங்கள் மேலாளர், “அது டிசைனே அப்படித்தான் சார், அடுத்த மாசக் கணக்குல வரும்” என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சில மாதம் கழித்து அந்த அலுவலகத்துக்குப் போனபோது, கணக்குப் பார்க்கும் அம்மா ஒருவர் தனியாக நோட்டுப் போட்டு மாதாமாதம் கையால் கூட்டிச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். “எனக்குத்தான் கம்ப்யூட்டர் சரியா வரலை தம்பி, எங்கயோ தப்பா அடிச்சிடறேன்” என்றார். அன்றைக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

விஷவாயுக் கதையில் என்னை உறுத்துவது இந்த இடம்தான். கம்பெனி பொய் சொன்னது என்பதைவிட, அது எடுபட்டது என்பது. ஏன் எடுபட்டது என்றால் அந்த விளையாட்டு அப்படி. அறைகளுக்கு அர்த்தமே புரியாத பெயர்கள். பறக்கும் பன்றி, சுழலும் கத்தி, காரணமே இல்லாமல் கொல்லும் செடி. எதுவும் விளக்கப்படாத வீட்டில் விஷவாயுவும் ஏன் இருக்கக்கூடாது? பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஓர் அறையில் நுழைந்தவுடன் சாகிறான் என்றால், அவன் நினைப்பது கேசட்டில் தப்பு என்று இருக்காது. எங்கேயோ ஒரு சூட்சுமம் இருக்கிறது, தனக்குத்தான் பிடிபடவில்லை என்றுதான் நினைத்திருப்பான். கஷ்டமும் பிழையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்லக்கூடியவர் உள்ளே இருப்பவர் மட்டும்தான். அவரே விஷவாயு என்று சொல்லிவிட்டால் அந்தப் பையன் எங்கே போவான்?

இத்தனைக்கும் அந்தப் பையன் காசு கொடுத்து வாங்கியவன். கேசட்டோடு ஓர் அட்டை வரும், அதில் 180 சின்னச் சின்ன நிறக் குறியீடுகள். கேம் ஏறியவுடன் ஏதாவது ஓர் இடத்தின் நான்கு நிறங்களைக் கேட்கும், அட்டையைப் பார்த்து அடிக்க வேண்டும். கலர் ஜெராக்ஸ் எளிதில் கிடைக்காத காலம், நகல் எடுப்பவர்களைத் தடுக்க இந்த ஏற்பாடு. வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்களோ. யோக்கியமாக வாங்கியவன் அட்டையை வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்கி, நிறம் நிறமாக அடித்து உள்ளே போய், முடிக்க முடியாத வீட்டில் பொருள் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

வெளியிடும் முன் யாரும் கவனிக்கவில்லையா என்ற கேள்வி வரும். டெஸ்டராக இருந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் இரக்கம் உண்டு. மேனிக் மைனரில் குகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இருபதையும் ஒரு தடவை முடித்துப் பார்த்தால் சோதனை முடிந்தது. ஜெட் செட் வில்லியில் அப்படி வரிசை கிடையாது. அறுபது அறைகள், இஷ்டப்படி சுற்றலாம். முதலில் சேப்பல், அப்புறம் அட்டிக் என்று போனவர் கண்ணில் எதுவும் படாது. அட்டிக் முதலில், சேப்பல் பிறகு என்று போனவர்தான் மாட்டுவார். அவரும் சேப்பலில் முன்பு பூதங்கள் இருந்தன என்று தெரிந்திருந்தால்தானே சந்தேகப்படுவார்? பிழை ஓர் இடத்தில், அதன் அடையாளம் எங்கேயோ வேறோர் இடத்தில். இந்த வகைதான் பிடிக்க ரொம்பக் கஷ்டமானது.

இன்னொன்று, இது என் ஊகம் மட்டுமே. அறைக்கு அறை தாவும் அந்த ரைட்டைப்பர் கதவும் உதவியாக இருந்திருக்காது. தாவிப் போய் ஒவ்வோர் அறையாகப் பார்த்தால் அறை சரியாக இருக்கிறதா என்று தெரியும். ஆனால் ஆலமரத்தில் ஏற முடிகிறதா என்பது ஏறிப் பார்த்தால்தான் தெரியும். நானே எமுலேட்டரில் தாவித் தாவிப் பார்த்தபோது ஆலமர அறை எனக்குக் குறையே இல்லாததாகத் தெரிந்தது. ஆலமரமும் கண்ணாடிக்கூரையும் சிக்காமல் போனதற்கு இது காரணமாக இருக்கலாம்.

நான்கு எண்களும் சரிசெய்யாத ஒரு குறையும் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் தினப்படி வதை. வில்லி செத்தால், எந்த அறையில் செத்தானோ அந்த அறைக்குள் நுழைந்த அதே இடத்தில், நுழைந்த அதே நிலையில் மறுபடி தோன்றுவான். சாதாரணமாக நல்ல யோசனைதான். ஆனால் மேல் அறையிலிருந்து கால் தவறிக் கீழ் அறைக்குள் விழுந்துகொண்டே நுழைந்தவன்? ரொம்ப உயரத்திலிருந்து விழுந்தால் இந்த விளையாட்டில் சாவு. சாகிறான். மறுபடி தோன்றுகிறான், அதே இடத்தில், விழுந்துகொண்டே. சாகிறான். தோன்றுகிறான். கை எதையும் செய்ய முடியாது. மிச்சமிருக்கும் உயிர்கள் எல்லாம் கண்ணெதிரே சட்சட்டென்று போய், ஆட்டம் முடிகிறது. எழுதியபடிதான் நடக்கிறது, எந்த எண்ணும் தப்பில்லை, ஆகவே இதைப் பிழைப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. அட்டிக் அம்பு ஒரு கவனக்குறைவு. இது ஒரு முடிவு. யாரோ, ‘நுழைந்த நிலையை அப்படியே சேமித்து வை’ என்று யோசித்து எழுதியது. காலடியில் தரை இருந்த கடைசி இடத்தைச் சேமித்திருந்தால் போதும், எத்தனையோ சாயங்காலங்கள் பிழைத்திருக்கும்.

இத்தனையையும் மீறி ஆட்டத்தை முடித்தவர்கள் இருந்தார்கள். முதலில் முடிப்பவருக்குப் பரிசு என்று சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ஸ் ஒரு போட்டி வைத்திருந்தது. ராஸ் ஹோல்மன், கேமரன் எல்ஸ் என்ற இரண்டு பேர் அதை வென்றார்கள். முடிக்க முடியாத ஆட்டத்தை எப்படி முடிப்பது? உள்ளே போய் எண்களைப் படித்து, எங்கே தப்பு என்று கண்டுபிடித்து, மாற்றி. அந்தத் திருத்தங்களையும் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். பிறகு அதே கம்பெனிக்காக எம்எஸ்எக்ஸ் கம்ப்யூட்டருக்கு இந்த விளையாட்டை மாற்றி எழுதியதும் அவர்களே. விஷவாயு என்ற பதிலைக் கேட்டுவிட்டு, தன்மேல் சந்தேகப்படாமல் எண்களைப் பார்க்கப் போனார்கள் பாருங்கள், எனக்கு அவர்கள்மேல் பொறாமைதான்.

திருத்தம் வெளிவந்தாலும் அது போய்ச் சேர வேண்டுமே. இன்றைக்கு மாதிரி ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் ஏற்றிவிட்டுக் காலையில் ஒன்றும் நடக்காதது போல இருக்க முடியாது. கேசட்டில் பதிந்தது பதிந்ததுதான். பத்திரிகைகளில் அந்த நான்கு வரிகள் வந்தன. பார்த்தவன் பேப்பரில் குறித்து, நண்பனுக்குக் கொடுத்தான். ஒவ்வொரு தடவை கேம் ஏற்றும்போதும் நடுவில் நிறுத்தி, நான்கையும் கையால் அடித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. பத்திரிகை கைக்கு வராத பையன்கள் விஷவாயுவை நம்பிக்கொண்டே வளர்ந்திருப்பார்கள்.

நீங்கள் செய்து பார்க்க வேண்டுமென்றால் அந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலான ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர்களில் போக் போட மெனுவிலேயே வசதி இருக்கிறது. ஆனால் ஒரு வேண்டுகோள், முதலில் திருத்தம் போடாமல் சேப்பல், அட்டிக், சேப்பல் என்று ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள். போகும்முன் சேப்பலைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரும்பி வந்து பார்க்கும்போது முன்பு என்ன இருந்தது என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும். எனக்கு வந்தது. நினைவகத்தை முன்னும் பின்னும் கோப்பாக எடுத்து வைத்து ஒப்பிட்டபோதுதான் தீர்ந்தது.

நான்கையும் போட்டுவிட்டு நேர்வழியில் விளையாடியதில் நான் இதுவரை எடுத்திருப்பது 83ல் 19. நேற்று ராத்திரி ஒரு கூரையிலிருந்து கால் தவறிக் கீழ் அறைக்குள் விழுந்தேன். இருந்த ஆறு உயிரும் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதை டீயைக் குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.